எங்கள் பேராசிரியை பவானி

பவானியின் படிப்பு முழுவதும் நாலு வருடமாக ஒரு இரும்பு பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தது. பத்தாவது மார்க் ஷீட்டிலிருந்து எம்.எஸ்சி. நர்சிங் பட்டம் வரை, நர்ஸாகப் பதிவு செய்த சான்றிதழ் உட்பட, எல்லாம் ஒரிஜினல். பீரோ எங்கள் முதலாளி ஞானதுரையுடையது. வேலைக்குச் சேரும்போது வாங்கி வைத்துக்கொள்வார். வேலையை விடும்போது, அவருக்கு மனசு வந்தால், திருப்பித் தருவார். தனியார் ஆஸ்பத்திரியில் இதெல்லாம் சகஜம் என்பார்கள். சகஜமாவது மண்ணாவது. ஒருத்தி ராப்பகலாகப் படித்து வாங்கியதைப் பிடுங்கிப் பூட்டி வைப்பதற்குத் திருட்டு என்று பெயர். நான் அன்றைக்கு இதைச் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன்.

என் பெயர் ஜீனத். ராயபுரத்தில் வீடு. திருவொற்றியூரில் இருக்கும் அந்த ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடம் ரெக்கார்டு பிரிவில் இருந்தேன். நோயாளிகளின் கேஸ் ஷீட்டை எழுதி, அடுக்கி, பாதுகாப்பது என் வேலை. பவானி கதையில் நடந்த அநியாயத்தில் பாதி என் கையெழுத்தில் நடந்தது. அதனால் யாரும் கேட்காமலே எழுதுகிறேன்.

பவானி குப்பத்துப் பெண். எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து எண்ணூர் நெடுஞ்சாலையைத் தாண்டினால் அவள் குப்பம். அப்பா விசைப்படகில் போய்க்கொண்டிருந்தவர், அவள் பன்னிரண்டாவது படிக்கும்போது இறந்துபோனார். அம்மா கோவிந்தம்மா காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து விற்றுத்தான் மகளை நர்சிங் படிக்க வைத்தாள். பி.எஸ்சி. முடித்ததும் கல்யாணம் பண்ணிக்கொள் என்றார்கள். பவானி கேட்கவில்லை. வேலை பார்த்துச் சேர்த்து எம்.எஸ்சி. முடித்தாள். அந்தக் குப்பத்தில் அவ்வளவு படித்தது அவள் ஒருத்திதான். டூட்டி முடிந்து போனால் வாசலில் நாலு பேர் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள், பிரஷர் பார்க்க. முகம் சுளிக்காமல் பார்ப்பாள். ஆனால் மாத்திரையை ஒழுங்காகப் போடாதவர்களைத் திட்டுகிற திட்டு மூன்று தெருவுக்குக் கேட்கும்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும். எங்கள் வார்டில் புதிதாகச் சேருகிற பெண்களுக்கு நரம்பு கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுப்பாள் பாருங்கள், தன் கையையே நீட்டிக் குத்தச் சொல்வாள். போன வருடம் மே மாதம் அந்த ஆசை கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. அரசு நர்சிங் பள்ளி ஒன்றில் ஆசிரியர் வேலைக்குத் தேர்வு எழுதி, பட்டியலில் பெயர் வந்துவிட்டது. பாக்கி சான்றிதழ் சரிபார்ப்பு மட்டும். திங்கட்கிழமை, காலை பத்து மணி, ஒரிஜினலோடு நேரில் வரவேண்டும்.

அவள் ஞானதுரை அறைக்குப் போனபோது நானும் ஃபைலோடு அங்கே நின்றிருந்தேன்.

"அண்ணாச்சி, திங்கக்கெயம சர்டிபிகேட் பாக்குறாங்க. என் ஒரிஜினல் வேணும்."

"தராம எங்கம்மா போவப்போறேன்? வெள்ளிக்கிழமை நமக்கு இன்ஸ்பெக்‌ஷன் இருக்கு. அன்னைக்கி ஒரு நாள் நீ பேராசிரியையா நின்னு குடு. சாயங்காலமே உன் கையில வச்சிடுதேன்."

"நான் வார்டு இன்சார்ஜ் தானே அண்ணாச்சி. எப்ப பேராசிரியை ஆனேன்?"

"எம்.எஸ்சி. படிச்சிருக்கல்லா? பெறவு என்ன?"

ஞானதுரைக்கு மொத்தப் பருப்பு வியாபாரம்தான் பூர்வீகத் தொழில். ஆஸ்பத்திரி அதற்கப்புறம் வந்தது. இப்போது நர்சிங் கல்லூரி வேண்டும் என்று நின்றார். கல்லூரி தொடங்க விதி என்ன கேட்கிறது தெரியுமா? சொந்தமாக நூறு படுக்கை ஆஸ்பத்திரி, அதில் குறைந்தது எழுபத்தைந்து படுக்கை நிரம்பியிருக்க வேண்டும். எம்.எஸ்சி. படித்த ஆசிரியர்கள் வேண்டும். ஆய்வகம், நூலகம் வேண்டும். இந்த விதியில் ஒரு தப்பும் இல்லை. படுக்கையில் நோயாளி இல்லாவிட்டால் படிக்கிற பெண் யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வாள்? எங்கள் ஆஸ்பத்திரி முப்பது படுக்கை. அதில் எந்த நாளும் பதினைந்து பேருக்கு மேல் இருந்ததில்லை.

ஆய்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மேல் மாடிகளில் எழுபது கட்டில் வந்து இறங்கியது. நூலகத்துக்கு மூர் மார்க்கெட்டிலிருந்து பழைய புத்தகம் மூட்டையாக வந்தது. பாதிக்கு மேல் இன்ஜினீயரிங் புத்தகம், அட்டைக்கு வெள்ளைத் தாள் ஒட்டச் சொன்னார்கள். ஈசிஜி மெஷின் ஒரு நாள் வாடகைக்கு. கல்லூரி முதல்வர் என்று ஒரு அம்மா நாகர்கோவிலிலிருந்து ரயிலில் வந்தார். டூட்டி டாக்டராகக் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றவர் பல் டாக்டர்.

மனிதர்கள்தான் பாக்கி. அறுபது பேர் வேண்டும். அந்தக் கவலை மேனேஜர் திருமுருகனுக்கு இல்லவே இல்லை. மீன்பிடித் தடைக்காலம் அல்லவா, ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடு வரை விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். வலை பின்னுவதையும் படகுக்கு வர்ணம் அடிப்பதையும் விட்டால் ஆண்களுக்கு வேலை கிடையாது. ஞானதுரை ஆய்வுத் தேதியை மே மாதத்துக்குக் கேட்டு வாங்கியதே இதற்காகத்தான் என்று திருமுருகனே என்னிடம் பெருமையாகச் சொன்னான். சோறும் கைச்செலவுக்குப் பணமும் தந்து குப்பத்திலிருந்து வேனில் கூட்டிவந்துவிட்டான். வரமாட்டேன் என்றவர்களிடம் "நம்ம பவானி வேல செய்ற ஆஸ்பத்திரிபா" என்று சொல்லியிருக்கிறான். பவானிக்கு இது தெரியாது.

அந்த அறுபது பேருக்கும் நோய் எழுதியது நான். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். காய்ச்சல், குடலிறக்கம், ஆஸ்துமா, சர்க்கரைப் புண், எலும்பு முறிவு. ஒரே நோய் பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் வராமல் பார்த்துப் பார்த்து எழுதினேன். அதில் எனக்கு ஒரு சாமர்த்தியக்காரி என்ற நினைப்பு வேறு இருந்தது. செருப்பால் அடிக்க வேண்டும் என்னை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு பவானி வெள்ளைக் கோட்டோடு மூன்றாவது மாடிக்கு வந்தாள். வந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். வரிசையாகக் கட்டிலில் படுத்திருந்தது அவள் தெரு. எதிர்வீட்டுக்காரர் மூக்கில் டியூப் ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள், ஒருவர் கையை ஆட்டினார். பவானி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஃபைலைப் பார்த்தேன். திருமுருகன் வந்து "மேடம், ஸ்டாப் ரூமுக்கு வாங்க, கையெயுத்து போடணும்" என்று அழைத்துப் போய்விட்டான். அவள் போனாள். திங்கட்கிழமைக்காகப் போனாள்.

பதினான்காம் படுக்கையில் பொன்னுரங்கம். ஐம்பத்திரண்டு வயது. பவானியின் அப்பாவோடு ஒரே படகில் போனவர். பவானி அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள். அவருக்கு நான் எழுதியிருந்தது வலது கால் எலும்பு முறிவு. முழங்கால் வரை மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். நான் கேஸ் ஷீட்டைக் கட்டிலில் மாட்டும்போது மெதுவாகக் கூப்பிட்டார்.

"யம்மா, பெரிய டாக்டருங்க வராங்களாமே?"

"ஆமா நைனா, பதினோரு மணிக்கு."

"ரெண்டு நாளா மாரு ஒரு மாதிரி அடைச்சிகினு கீது. அவங்ககிட்ட காட்டிக்கலாம்னுதான் வந்தேன். எனக்கு பணம்லாம் வேணாம்."

வருகிறவர்கள் டாக்டர்கள் இல்லை, கட்டிலை எண்ண வருகிறவர்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். பவானியைக் கூப்பிட்டிருக்கலாம். எனக்கு இன்னும் நாற்பத்தாறு கேஸ் ஷீட் மாட்ட வேண்டியிருந்தது. "அப்பறம் பாக்கலாம் நைனா" என்றேன். பின்னாலிருந்து திருமுருகன், "உனக்கு காலு நைனா. மாரப் பத்தி பேசாத, பேஜாராயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பதினோரு மணிக்கு இரண்டு பேர் வந்தார்கள், ஓர் அம்மா, ஓர் ஐயா. எந்த அலுவலகம் என்று நான் எழுதப்போவதில்லை. இளநீர் குடித்தார்கள். ஆய்வகத்தில் பிளாஸ்டிக் பொம்மையைத் தொட்டுப் பார்த்தார்கள். நூலகத்தில் கதவோரம் நின்று பார்த்தார்கள். பிறகு மூன்றாவது மாடி. முன்னால் அவர்கள், பக்கத்தில் ஞானதுரை, பின்னால் ஆசிரியர் வரிசை. வரிசையின் கடைசியில் பவானி. நான் ஃபைல் தூக்கிக்கொண்டு ஓரமாக நடந்தேன்.

பதினான்காம் படுக்கையில் அந்த ஐயா நின்று ஷீட்டைப் புரட்டினார். "என்னப்பா பண்ணுது?"

பொன்னுரங்கம் எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. "மாரு அடைக்கிது சார். கையெல்லாம் இஸ்துகினு போவுது."

"கால் சார்" என்று திருமுருகன் குறுக்கே வந்தான். "மாத்தி சொல்றாரு. நைனா, உனக்கு காலுதான வலிக்கிது? ஒயுங்கா சொல்லு."

பொன்னுரங்கம் திருமுருகனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பணம் வாங்காவிட்டாலும் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவர் அல்லவா. "ஆமா சார்" என்றார். "காலுதான் வலிக்கிது."

பக்கத்துக் கட்டிலில் ஒருவன் போர்வைக்குள் சிரித்து, "இன்னாமா நடிக்கிறாருப்பா" என்றான். அந்த அம்மா தாளில் ஒரு டிக் போட்டார். பதினைந்தாம் படுக்கைக்கு நகர்ந்தார்கள்.

பவானி நகரவில்லை. தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்க, பொன்னுரங்கத்தின் பனியன் நனைந்திருந்தது. அவர் மணிக்கட்டைப் பிடித்தாள், முகத்தைப் பார்த்தாள். அடுத்த விநாடி அவள் குரல் மாடி முழுக்கக் கேட்டது.

"ஜீனத், கீய போய் ஆஸ்பிரின் எடுத்தா. நூத்தியெட்டுக்குப் போன் போடு. ஓடு."

நான் ஓடினேன். திரும்பி வந்தபோது அவள் ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறந்துகொண்டிருந்தாள். முள் அசையவில்லை. காலி. ஈசிஜி மெஷினில் தாள் இல்லை. பல் டாக்டரைக் காணோம். மாத்திரையைக் கடித்து மெல்லச் சொல்லி அவர் வாயில் போட்டாள். திருமுருகன், "மேடம், ரவுண்ட்ஸ் முடியட்டும், ஒரு அர அவரு" என்றான்.

"அர அவர்ல ஆளு இருக்க மாட்டாருடா."

ஞானதுரை அவள் அருகில் வந்து குனிந்தார். குரல் மெதுவாகத்தான் இருந்தது. "பவானி, திங்கக்கிழமைய நினைச்சுக்கோ."

"நெனச்சிகினுதான் காலைலேந்து வாய மூடிகினு இருந்தேன்" என்றாள் பவானி. கத்திரிக்கோலால் மாவுக்கட்டை வெட்டிப் பிளந்தாள். உள்ளேயிருந்து ஒரு கீறலும் இல்லாத கால் வெளியே வந்தது. ஆய்வுக்கு வந்த இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களைப் பார்த்தே சொன்னாள். "இவருக்கு கால் ஒடையல மேடம். இது மாரடைப்பு. இங்க படுத்துகினு கீறவங்க யாருமே பேஷன்ட் இல்ல. எல்லாம் எங்க குப்பம். நானும் பேராசிரியை இல்ல."

மூக்கில் டியூப் ஒட்டியிருந்தவர் அதைப் பிய்த்துப் போட்டுவிட்டு வந்து ஒரு பக்கம் தூக்கினார். ஆஸ்துமாக்காரரும் சர்க்கரைப் புண்காரரும் இன்னொரு பக்கம். மூன்று மாடி படிக்கட்டில் தூக்கிக்கொண்டே இறங்கினார்கள். ஆம்புலன்ஸில் பவானியும் ஏறிப் போனாள். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் அவரைக் காப்பாற்றிவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் கஷ்டம் என்று சொன்னார்களாம்.

அன்று சாயங்காலம் பவானி ஒரிஜினலுக்காக வந்தாள். வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. சனி, ஞாயிறு ஞானதுரையின் போன் அணைந்திருந்தது. திங்கட்கிழமை ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு போனாள். ஒரிஜினல் இல்லாமல் முடியாது என்றார்கள். ஐந்து மணி வரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பிறகு பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் விதிப்படி நடந்தார்கள்.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். ஆறுதல் சொல்லப் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலிலேயே நிறுத்தினாள்.

"சித்தப்பா ஒங்கிட்ட சொன்னாராமே, மாரு அடைக்கிதுன்னு?"

"சொன்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

"அப்பறம் பாக்கலாம்னு சொன்னேன்."

"அவன் பருப்பு யாவாரி, ஜீனத். அவனுக்கு பேஷன்ட்டுன்னா கணக்கு. நீ ஒம்போது வருஷம் ஆஸ்பத்திரில கீற. ஒனக்குக்கூடவா தெரியல?"

அழுதேன். அவள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், ஆனால் உட்காரச் சொல்லவில்லை.

ஒரே ஒரு நிம்மதி இருந்தது எனக்கு. கல்லூரி ஒழிந்தது என்று நினைத்தேன். உடையாத காலைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போனவர்கள் அனுமதி தருவார்களா? ஜூலை கடைசியில் தபால் வந்தது. தபாலைப் பிரித்து ஃபைல் செய்வதும் என் வேலை. அனுமதி. ஆண்டுக்கு அறுபது மாணவிகள். கூடவே ஆய்வறிக்கையின் நகல். அதில் இரண்டாம் பக்கத்தில் இப்படி இருந்தது: "ஆய்வின்போது நோயாளி ஒருவருக்கு ஏற்பட்ட இதய அவசர நிலையைப் பேராசிரியை திருமதி பவானி திறம்படக் கையாண்டது நேரில் காணப்பட்டது. மருத்துவமனையின் பயிற்சி வசதிகளும் ஆசிரியர் தகுதியும் திருப்திகரமாக உள்ளன."

மூன்று தடவை படித்தேன். கல்யாணமாகாதவளைத் திருமதி ஆக்கியிருந்தார்கள். அது போகட்டும். அந்தக் கட்டடத்தில் அன்றைக்கு நடந்த ஒரே உண்மையான காரியம் அவள் செய்தது. அந்த ஒன்றை எடுத்து மற்ற பொய் எல்லாவற்றுக்கும் சான்றிதழாக மாட்டிவிட்டார்கள். எவ்வளவு கொடுத்தார்கள், யார் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன். அந்த வாக்கியத்தை எழுதிய கைக்கு அன்று மத்தியானம் வஞ்சிரம் வறுவல் பரிமாறியதை மட்டும் பார்த்தேன்.

நகலை பவானியிடம் கொடுத்தேன். படித்தாள். பிறகு பேப்பர் எடுத்து எழுதினாள். நான் அந்தக் கல்லூரியில் பேராசிரியை இல்லை, ஆய்வு நாளன்று பொய்யாக நின்றேன், என் சான்றிதழ்கள் பிடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. பொய்யாக நின்றேன் என்று எழுதினால் அவளுடைய நர்ஸ் பதிவே போகலாம் என்று சொன்னேன். "போவட்டும்" என்றாள். நோய் எழுதியது நான் என்று அடியில் நானும் கையெழுத்துப் போட்டேன். அனுமதி தந்த அலுவலகத்துக்கே பதிவுத் தபாலில் அனுப்பினோம். பெற்றுக்கொண்டதற்கு அட்டை வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

ஆகஸ்டில் சேர்க்கை ஆரம்பித்தது. நான் ராஜினாமாக் கடிதம் கொடுக்கப் போன அதே காலையில் பவானி மறுபடி ஒரிஜினல் கேட்டு வந்திருந்தாள். கேட்டுக்கு வெளியே வரிசை நின்றது. பெண்பிள்ளைகளும், கூடவே அப்பாக்களும். பவானி அந்த அப்பாக்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பாதிப் பேர் மே மாதம் மூன்றாவது மாடியில் படுத்திருந்தவர்கள்.

வரிசையின் நடுவில் பொன்னுரங்கம் நின்றார். இளைத்திருந்தார். பக்கத்தில் மகள் மோகனப்ரியா, கையில் பூர்த்தி செய்த விண்ணப்பம்.

பவானி அவர் எதிரில் போய் நின்றாள். "சித்தப்பா, உனக்குமா தெரியாது? நீதானே உள்ள படுத்துகினு இருந்த?"

"தெரியும்மா."

"அப்பால ஏன் பொண்ண இங்க இட்டாந்த?"

"கவர்மென்ட்டே பர்மிஷன் குடுத்துகீதுல்ல. அதுவுமில்லாம..." அவர் மகளைப் பார்த்தார். "நீ கீறியேம்மா. என்ன காப்பாத்துனவ சொல்லிக் குடுத்தா இவளும் நல்லா வருவா. அந்த ஒண்ணுக்காவத்தான் வந்தேன்."

பவானிக்கு முகம் சிவந்துவிட்டது. கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "நான் இங்க இல்ல சித்தப்பா" என்றாள். "என் பேரத்தான் வெச்சிகினு கீறாங்க. இங்க பாடம் எடுக்க ஆளு கெடையாது. இவ படிக்கிறதுக்கு பேஷன்ட்டும் கெடையாது. மறுபடி எவனாச்சும் வந்து பாத்தா, அப்பவும் நீதான் படுக்கணும். உம் பொண்ணு வந்து உனக்கு கால் ஒடஞ்சிச்சின்னு எய்துவா."

மோகனப்ரியா விண்ணப்பத்தை மடித்தாள். பொன்னுரங்கம் அவள் தோளைத் தொட்டார். இருவரும் வரிசையை விட்டு வெளியே வந்தார்கள்.

அவர்கள் நின்ற இடம் காலியாக இருந்தது. பின்னால் நின்றிருந்தவர், நான் ஆஸ்துமா எழுதிக் கொடுத்த ஆள், எங்கள் முகத்தைப் பார்க்காமல் மகள் கையைப் பிடித்து ஓர் அடி முன்னால் வந்து நின்றார்.